கோதையாற்றில் ஏற்றமும் வற்றமும்: வெள்ளாங்கரைத் தோட்டத்தில் இரண்டு நாட்கள்

போன மே மாதம் கடைசியில், ஒரு சனியும் ஞாயிறும், குலசேகரத்துக்கு அப்பால் கோதையாற்றங்கரையில் இருக்கும் வெள்ளாங்கரைத் தோட்டத்துக்குப் போய் வந்தோம். எங்கள் அன்பியத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும் நானும். அன்பியம் என்றால் தெரியாதவர்களுக்கு: எங்கள் பங்கில் முப்பது முப்பது வீடாகப் பிரித்து, வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். அந்த முப்பது வீட்டுக்கும் சேர்த்துப் பெயர் அன்பியம்.

அங்கே போக நினைப்பவர்களுக்காக வழி, செலவு, சாப்பாடு எல்லாம் எழுதுகிறேன். ஆனால் அங்கே நடந்த ஒரு விஷயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதையும் எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது புரிந்தால் கீழே எழுதுங்கள்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திங்கள்நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் டைப் அடிக்கிறேன். எங்கள் அன்பியத் தலைவி ரோஸ்லின் மாமி ஒருநாள் அங்கே வந்து, "ஏட்டி, வருசா வருசம் வேளாங்கண்ணியே போயாச்சு. இதுல வேற எடம் ஏதாவது பாத்துச் சொல்லு" என்று கம்ப்யூட்டரைக் காட்டினார். தேடும்போது இந்தத் தோட்டத்தின் பக்கம் வந்தது. பழைய பங்களா, ஆறு, ரப்பர் மரங்கள், படகு, நடைப்பயணம் என்று படங்கள். கீழே, 'குழுக்கள் சேர்ந்து தங்கி மனம்விட்டுப் பேச ஓர் இடம்' என்று எழுதியிருந்தது. அந்த வரியைப் பார்த்ததும் நான் வேறு எதையும் தேடவில்லை.

காரணம் என் அம்மாவும் சித்தியும். அம்மாவின் கூடப்பிறந்த தங்கைதான் சித்தி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒரு வருடத்துக்கும் மேலாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மீன் ஏலம் எடுத்ததில் வந்தது என்று ஒருவர் சொன்னார், ஞானஸ்நான வீட்டில் பந்தியில் வந்தது என்று இன்னொருவர். பேசாவிட்டாலும் பக்கத்து வீடு அல்லவா, சொல்ல வேண்டியது தினமும் இருக்கும். அதெல்லாம் என் வழியாகத்தான் போகும். அம்மா வாசலில் நின்றுகொண்டு, "ஏட்டி, கொழாயில வெள்ளம் வருகுன்னு அவளுக்கிட்ட சொல்லு" என்பாள். நாலு அடி தள்ளிச் சித்தி நிற்பாள். "கேட்டாச்சுன்னு சொல்லு" என்பாள். நான் நடுவில் நின்று இரண்டையும் சொல்வேன். வெளியாட்களிடம் எனக்கு ஒரு வார்த்தை வராது. ஊரில் என்னை ஊமைக்கொட்டான் என்பார்கள். வீட்டில் நான் பேசுகிற அளவுக்கு வேறு யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் சித்திக்குக் குவைத்துக்கு வீட்டுவேலை விசா வந்துவிட்டது. தோட்டத்திலிருந்து திரும்பிய அடுத்த வியாழக்கிழமை விமானம். இரண்டு வருடம் கழித்துத்தான் வருவாள். அதற்குள் இவர்கள் ஒரு வார்த்தையாவது நேரடியாகப் பேசிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதனால்தான் இந்த இடத்தைப் பதிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கடியப்பட்டணத்தில் வேன் கிளம்பியது. மணவாளக்குறிச்சி, திங்கள்நகர், இரணியல், தக்கலை, குலசேகரம், அங்கிருந்து திற்பரப்பு ரோட்டில் இன்னும் ஐந்து கிலோமீட்டர். மொத்தம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். தக்கலையில் டீ குடிக்க நிறுத்தியதையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆனது. அம்மா முதல் சீட், சித்தி கடைசி சீட். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பெறகால இருக்கவியள்லாம் இங்கோட்டு வரலாம்லா, முன்னால எடம் கெடக்குல்லா?" என்றார். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "செரி, பாட்டாவது போடுகேன்" என்று மாதா பாட்டு போட்டார்.

தோட்டத்து வாசலில் ஷீபா அக்கா நின்றிருந்தார். அருமனை ஊர்க்காரர், தோட்டத்தை நடத்துவது அவர்தான். "ஒருங்கிணைப்பாளர் மேடம் எங்க? மெயில்ல அவ்வளவு வெவரமா எழுதியிருந்தாவ, போன்ல பேசுனா 'ம்', 'ம்'னு மட்டும் சொன்னாவ" என்று தேடினார். நான் ரோஸ்லின் மாமியின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். மாமி என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "இந்தா, இதுதான் ஒங்க மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

பங்களா எப்போது கட்டியது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெளிவாகவில்லை. மகாராஜா காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது என்று ஷீபா அக்கா சொன்னார். அங்கே சமையல் செய்யும் பெண்மணியிடம் கேட்டால், துரை வரும்போதே பங்களா இருந்தது என்கிறார். உள்ளே ஒரு கதவு, அதைத் திறந்தால் சுவர். மாடிக்குப் போகும் ஒரு படிக்கட்டு பாதியில் நின்றுவிடுகிறது. மேலே மாடியே இல்லை. நான் இரண்டு தடவை ஏறிப் பார்த்தேன். மரத்தரை நடந்தால் சத்தம் போடும், ஆனால் மே மாதத்திலும் உள்ளே குளிர்ச்சிதான். பங்களாவைச் சுற்றி ரப்பர், கிராம்பு, தென்னை, பலா. பின்பக்கம் இருபது படி இறங்கினால் ஆறு.

அறைக்கு இரண்டு பேர். பெயர்களை மெயிலில் அனுப்பியது நான்தான். அம்மாவையும் சித்தியையும் ஒரே அறையில் போட்டிருந்தேன். அது பெரிய யோசனை என்று நினைத்திருந்தேன். என்ன நடந்தது என்றால், நடுவில் ஒரு பாயை விரித்து என்னை அங்கே கிடத்திவிட்டார்கள். "ஃபேனக் கூட்டச் சொல்லுட்டி." "கூட்டுனா எனக்குத் தலைவலிக்கும்னு சொல்லுட்டி." இவ்வளவு தூரம் வந்தும் அதே வேலை.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் 'அமைதி நடை' என்று ஒன்று இருந்தது. ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு மணி நேரம், யாரும் வாய் திறக்காமல் நடக்க வேண்டும். கடற்கரையில் அலைக்கு மேல் கேட்கும்படி பேசிப் பழகியவர்கள் நாங்கள். ரகசியம் சொன்னாலே அடுத்த தெருவில் கேட்கும். "ஒரு மணிக்கூறு சும்மா நடக்கணுமா? சவ ஊர்வலத்துலகூடப் பேசுவோமே" என்றார் ரோஸ்லின் மாமி. ஆனால் நடந்தார்கள். காய்ந்த இலைகளின் மேல் கால் படுகிற சத்தம் மட்டும். அப்போது ஒன்றைக் கவனித்தேன். எல்லோரும் பேசாமல் இருந்ததால், அம்மாவும் சித்தியும் பேசாமல் இருப்பது தெரியவில்லை. இருவரும் மற்றவர்களைப்போலவே இருந்தார்கள். ஒரு மணி நேரம் எனக்கு வேலை இல்லை. நடை முடிந்து ஷீபா அக்கா, "எப்பிடி இருந்து?" என்று கேட்டதும் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஞாயிறு காலை குலசேகரத்தில் பூசை கண்டுவிட்டு வந்தோம். மதியச் சாப்பாடு பந்திப்பாறையில். ஆற்றின் நடுவில் கல்யாண மண்டபத் தரைபோல் விரிந்து கிடக்கும் ஒரு பாறைக்குத்தான் அந்தப் பெயர். கரையிலிருந்து ஏழு கற்களில் கால் வைத்துத் தாண்டிப் போகலாம். நாங்கள் போகும்போது தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. ஷீபா அக்கா போவதற்கு முன்பே சொன்னார்: "நான் விசில் அடிச்சா, சாப்பாட்ட அப்பிடியே போட்டுட்டு கரைக்குக் கேறிரணும், கேட்டியளா?" எல்லோரும் தலையாட்டினார்கள்.

மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளிதான்), பலாச்சக்கை அவியல், கோழிக்கறி, தேங்காய்த் துவையல். எல்லாம் நன்றாக இருந்தது. ஆனாலும் எங்கள் ஆட்கள் வீட்டிலிருந்து ஒரு மண்சட்டி நிறைய சாளைக்கறி கொண்டுவந்திருந்தார்கள். மீன் இல்லாமல் இரண்டு நாள் எப்படிச் சாப்பிடுவது? பாறையின் நடுவில் சட்டியை வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். தலைக்கு மேலே வெயில். தூரத்து மலையில் மட்டும் கருப்பாக இருந்தது.

முதலில் பார்த்தது அம்மா. பாறை விளிம்பில் நனைந்த கோடு ஒரு சாண் மேலே வந்திருந்தது. தண்ணீரும் கலங்கி, சருகு மிதந்து வந்தது. "ஏத்தம் பிடிக்கு" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

இதை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் வள்ளியாறு கடலில் சேரும் பொழிமுகத்தில், கடல் ஏறினால் ஆறும் ஏறும். கடல் இறங்கினால் ஆறும் இறங்கும். ஏறுவது ஏற்றம், இறங்குவது வற்றம். வாவு நாட்களில், அதாவது பௌர்ணமி அமாவாசையில், ஏற்றம் கூடுதலாக இருக்கும். தண்ணீர் ஏறினால் நாங்கள் எழுந்து ஓடுவதில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வற்றத்துக்குக் காத்திருப்போம். எங்களுக்குத் தெரிந்த ஆறு அது ஒன்றுதான்.

எதிர்ப்பக்கம் இருந்த சித்தி முள்ளை எடுத்துக்கொண்டே, "நேத்துத்தானே வாவு. ஏத்தம் கூடத்தான் செய்யும்" என்றாள். அதுவும் யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

"அஞ்சு மணிக்குப் பொறவுதான் வத்தும்" என்றாள் அம்மா.

"அஞ்சா? மூணுக்கே வத்தும்."

"மூணுக்கு எப்பிடிட்டி வத்தும்? வாவுக்கு மறுநாளு ஏத்தம் பிடிக்கதே உச்சைக்குப் பொறவுதான?"

அந்த 'ட்டி' எனக்கு இல்லை, சித்திக்குத்தான். சுற்றி இருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். சித்தி நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ எப்பவும் ரெண்டு மணிக்கூறு பிந்தித்தான் கணக்குப் போடுவ. அன்னைக்கி ஒனக்க கணக்க நம்பி பொழிக்கரையில துணிய வச்சிட்டுப் போனோம்லா, எல்லாம் கடலுல போச்சு."

"அது நீ எடுத்துட்டு வருவன்னு நெனச்சேன்."

"என்கிட்ட நீ என்னைக்கி எடுக்கச் சொன்ன?"

அப்போது கரையில் விசில் கேட்டது. யாரும் அசையவில்லை. நான் எழப் போனேன். ரோஸ்லின் மாமி என் முழங்காலை அழுத்திப் பிடித்து, "சும்மா இரு மக்கா. ரெண்டும் பேசுகாளுவ" என்று காதுக்குள் சொன்னார். மறுபடியும் விசில். மற்ற பத்துப் பெண்களும் கையில் பிசைந்த கிழங்கோடு அந்த இருவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு வருடமாகக் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் திரும்பிப் பார்த்தால், ஏழு கல்லில் மூன்றைக் காணவில்லை.

நான் கத்தினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. "அம்மா! சித்தி! எந்திரிங்க! இது பொழி இல்ல, மலையில மழ பெய்யுது!"

இருவரும் என் பக்கம் திரும்பி ஒரே நேரத்தில், "நீ சும்மா கெட! ஒனக்கு என்னட்டி தெரியும்?" என்றார்கள்.

ஷீபா அக்கா கயிற்றோடு ஓடி வந்து, கரையிலிருந்த மரத்தில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைப் பாறைமேல் எறிந்தார். "ஏ அம்மமாரே, கேறி வாங்க! வெள்ளம் கேறுது!"

"வத்திரும் மக்கா, நீங்க பயப்படாதியும்" என்று சித்தி கையைக் காட்டினாள்.

"எங்க வத்தும்? கடலு எங்க கெடக்கு, நீங்க எங்க இருக்கியோ!"

"கடலு தூரத்துல கெடந்தா வாவு இல்லாமப் போவுமா?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். ஷீபா அக்கா மறுபடியும் விசிலை வாயில் வைத்தார்.

அப்போது தண்ணீர் பாறைமேல் ஏறி ரோஸ்லின் மாமியின் சேலையை நனைத்தது. மாமி துள்ளி எழுந்து, "வாவாவது மண்ணாவது! எந்திரிங்கட்டி எல்லாரும்!" என்றார். அதற்குப் பிறகுதான் ஆட்கள் அசைந்தார்கள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினோம். தண்ணீர் எனக்கு இடுப்புக்கு மேல் வந்தது. இழுப்பு பலமாக இருந்தது. கடலில் அலை தள்ளும், பிறகு விடும். இது விடவே இல்லை. எனக்கு முன்னால் சித்தி, அவள் சேலையை ஒரு கையில் சுற்றிப் பிடித்தபடி அம்மா. "கால அமத்தி வையிட்டி." "வச்சிட்டுத்தான் இருக்கேன், நீ இழுக்காத." கரை ஏறும்வரை இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வந்தார்கள். பதின்மூன்று பேரும் ஏறியதும் ஷீபா அக்கா எண்ணிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாளைக்கறிச் சட்டி மட்டும் பாறையிலிருந்து மெதுவாக எழும்பி, ஆடிக்கொண்டே போனது. "போவட்டும், நமக்க ஊருக்குத்தான போவுது" என்றார் ரோஸ்லின் மாமி. ஷீபா அக்கா, "இந்த ஆறு தேங்காப்பட்டணத்துல போய்ச் சேரும் மாமி" என்றார். "அவனுவளுக்கு எதுக்கு நம்ம சாளக்கறி!" என்று மாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். பயந்து நடுங்கியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

உடை மாற்றிவிட்டு மற்றவர்கள் பங்களா வராந்தாவில் பால் விடாத கட்டஞ்சாயா குடித்தார்கள். அம்மாவும் சித்தியும் மட்டும் ஆற்றுப் படியில் போய் உட்கார்ந்தார்கள். தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த படியில் ஒரு குச்சியைச் செருகி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் பின்னால் நாலு படி மேலே உட்கார்ந்தேன். யாரும் என்னை எதையும் யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு வற்றவில்லை. நான்குக்கும் இல்லை. ஐந்தரை மணிக்குக் குச்சி இருந்த படி வெளியே தெரிந்தது. ஆறு மணிக்கு அதற்குக் கீழே இரண்டு படி. மலையில் மழை விட்டுவிட்டது, அதனால் இறங்குகிறது என்று ஷீபா அக்கா வந்து பொறுமையாக விளக்கினார். இருவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர் போனதும் சித்தி, "மழையாம்" என்றாள். பிறகு குச்சியைப் பிடுங்கி எடுத்து, "ஒனக்க கணக்குதான் செரி. அஞ்சுக்குப் பொறவுதான் வத்திச்சு" என்றாள்.

"ஆறு கொஞ்சம் பிந்தத்தான் செய்யும்" என்றாள் அம்மா. "நீ சொன்னதும் தப்பில்ல."

திரும்பும்போது வேனில் இருவரும் முதல் சீட்டில் இருந்தார்கள். நான் கடைசி சீட்டில், ஈரத்துணி மூட்டையோடு.

போகிறவர்களுக்கு: இரண்டு நாள் தங்கவும் சாப்பிடவும் அப்போது ஆளுக்கு அறுநூறு ரூபாய் வாங்கினார்கள். பத்துப் பேருக்கு மேல் போனால்தான் குழுவாக எடுப்பார்கள், பத்து நாள் முன்பே சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் தக்கலையில் குலசேகரம் பஸ் ஏறி, அங்கிருந்து திற்பரப்பு பஸ்ஸில் போகலாம். ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மே கடைசியில் மலையில் திடீரென்று மழை பெய்யும், அப்போது பந்திப்பாறைக்குப் போகாதீர்கள் என்று ஷீபா அக்கா எழுதச் சொன்னார். ரப்பர் தோட்டத்தில் அட்டை இருக்கும், உப்பு கொண்டுபோங்கள். முக்கியமாக, விசில் அடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நடுவில் யார் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் சரி.

எது அவர்களைப் பேச வைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று பூசையில் இவர்களுக்காக வைத்த வேண்டுதல்தான் என்கிறார் ரோஸ்லின் மாமி. அமைதி நடைதான் என்று ஷீபா அக்கா போனில் சொன்னார். டிரைவர் அண்ணன் தான் போட்ட மாதா பாட்டு என்கிறார். ஆற்றைப் பற்றி இருவரும் நினைத்தது தவறு. ஆனால் ஆறு அம்மா சொன்ன மாதிரியே வற்றியும் காட்டிவிட்டது. சண்டை எதற்கு வந்தது என்று அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். "என்ன சண்ட?" என்றாள்.

வியாழக்கிழமை அம்மாதான் திருவனந்தபுரம்வரை போய்ச் சித்தியை வழியனுப்பிவிட்டு வந்தாள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் சித்தி குவைத்திலிருந்து கூப்பிடுகிறாள். மணி அடித்ததும் அம்மா கைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள். அடுப்படியில் நின்று அரை மணி நேரம் பேசுகிறாள். பேசி முடித்த பிறகு வீடு அமைதியாகிவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது. போன வாரம் சோறு போடும்போது அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏட்டி, நீ ஏன் இப்பல்லாம் ஒண்ணும் பேசவே மாட்டங்குற? மேலுக்கு ஏதாவது செய்யுதா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.